சோப்ரானோஸ்: சில்வியோவின் காரில் ஏட்ரியானா (முழுத் தொடருக்கும் ஸ்பாய்லர் உண்டு)

பின்னிரவு எழுதியது:

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நியூஜெர்சி மாஃபியாக் கூட்டம் ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘தி சோப்ரானோஸ்’. அதன் 86 எபிசோடுகளையும் சில வருடங்களுக்கு முன்பே பார்த்து முடித்தவன் நான். இப்போது அக்காவுக்காக மறுபடி முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்கு இதுதான் முதல் முறை. இன்று ஐந்தாவது சீசனின் பன்னிரண்டாவது எபிசோடு. பார்த்தவர்களுக்கு எண்ணைச் சொன்னாலே போதும்.

எபிசோடு தொடங்கும்போதே எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அக்காவிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஏட்ரியானா, டோனியின் கூட்டத்தில் இருக்கும் கிறிஸ்டஃபரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்து வந்ததை அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். கூட்டத் தலைவன் டோனி போன் செய்கிறான். சில்வியோ அவனுடைய வலதுகை. கிறிஸ்டஃபர் தற்கொலைக்கு முயன்றுவிட்டான், பிழைத்துக்கொள்வான், சில்வியோ வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று ஏட்ரியானாவிடம் சொல்கிறான். அடுத்த காட்சியில் அவள் தனியாகக் கார் ஓட்டிப் போகிறாள். பக்கத்தில் பெட்டி. பாட்டு ஒலிக்கிறது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, “தப்பிச்சுட்டா” என்றாள். மறு நொடி அவள் சில்வியோவின் காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா அதற்கப்புறம் பேசவே இல்லை. கார் நெடுஞ்சாலையை விட்டு மரங்களுக்குள் திரும்பியபோது எழுந்து நின்றுவிட்டாள். “ஆஸ்பத்திரிக்கு இது வழியில்லையே” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். முடிந்த பிறகு விளக்கைப் போட்டேன். முகம் வெளுத்திருந்தது. இனி இந்தத் தொடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

எத்தனையோ கொலைகளைச் சலனமில்லாமல் பார்த்தவள் அவள். டோனியின் கூட்டத்து ரிச்சி செத்தபோது கைதட்டினாள். அதே கூட்டத்து ரால்ஃபைக் குளியலறையில் வைத்துத் துண்டு போட்டதைக்கூடச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். இந்த ஒரு சாவு மட்டும் ஏன் இப்படி விழுகிறது? இத்தனைக்கும் இதில் ரத்தமே இல்லை. ஏட்ரியானா கைகளை ஊன்றித் தவழ்ந்து திரையை விட்டு வெளியே போகிறாள், சில்வியோ பின்னால் நடக்கிறான், வெடிச் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான் காட்டுகிறார்கள். உங்களுக்கெல்லாம் முதல் முறை எப்படி இருந்தது? சொல்லுங்கள்.

பழைய டிவிடி எழுதியது:

நண்பரே, நான் இதை 2004இல் வாராவாரம் பார்த்த கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்த எபிசோடு ஒளிபரப்பானது மே 23. அதற்கு அடுத்த எபிசோடோடு சீசன் முடிந்துவிட்டது. ஆறாவது சீசன் வந்தது 2006 மார்ச்சில். கிட்டத்தட்ட 21 மாதம் காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் நடந்ததைச் சொல்கிறேன். உடலைக் காட்டவில்லை அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டே அவள் உயிரோடு இருக்கலாம் என்று பேசியவர்கள் ஏராளம். சில்வியோ மனம் இரங்கித் தரையில் சுட்டிருப்பான், பயமுறுத்தி ஓடவிட்டிருப்பான் என்றெல்லாம் கதை கட்டினார்கள். நானும் நம்பினேன். சில்வியோ யார், அவன் எதற்கு இரங்குவான் என்று ஐந்து சீசனாகப் பார்த்தவன்தான். ஆனாலும் நம்பினேன். அந்தப் பெண் சாகக் கூடாது என்று எனக்குள் அவ்வளவு பிடிவாதம்.

ஏட்ரியானாவாக நடித்த ட்ரேயா டி மேட்டியோவுக்கும் கிறிஸ்டஃபராக நடித்த மைக்கேல் இம்பெரியோலிக்கும் அந்த ஆண்டு துணை நடிப்புக்கான எம்மி விருது கிடைத்தது. இந்த எபிசோடை எழுதிய டெரன்ஸ் வின்டருக்கும் கிடைத்தது. மூன்றுமே தகும். ட்ரேயா முதல் எபிசோடில் ஓர் உணவகத்தில் விருந்தினரை வரவேற்கும் பெண்ணாக ஒரு நிமிடம் வந்து போனவர். அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

அக்காவை வற்புறுத்த வேண்டாம். சில நாள் விட்டுவிடுங்கள்.

வெட்டும் ஒட்டும் எழுதியது:

நான் எடிட்டிங் வேலையில் இருப்பவன். அந்தக் காரோட்டும் காட்சியை நூறு முறையாவது முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்திருப்பேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொதுவாகக் கனவையோ கற்பனையையோ காட்டும்போது பார்வையாளருக்கு ஏதாவது ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். மங்கலாக்குவார்கள், நிறத்தை மாற்றுவார்கள், ஒலியை இழுப்பார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. போன் வருகிறது, வெட்டு, அவள் கார் ஓட்டுகிறாள். கதையின் அடுத்த நிகழ்ச்சி போலவே ஒட்டியிருக்கிறார்கள். போனில் அவள் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நாமே இடையில் ஒரு காட்சியை இட்டு நிரப்பிக்கொள்கிறோம். உங்கள் அக்கா சொன்ன “தப்பிச்சுட்டா”வும் அப்படி அவர் மனதில் எழுதிக்கொண்ட காட்சிதான்.

அப்புறம் அந்த வெட்டு. அதே போல முன்கண்ணாடிக்குப் பின்னால் முகம், அதே போல ஜன்னலில் ஓடும் வெளிச்சம். ஆனால் ஸ்டீயரிங் இப்போது வேறொருவன் கையில். அவ்வளவு நேரம் பார்த்தது அவள் மனதில் ஓடியது என்று அப்போதுதான் புரிகிறது. எனக்கு அந்த இடத்தில் வயிறு இறங்கும். ஏனென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் பட்டுவிட்டது. பட்டும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போயிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே கூடப் போகிறாள்.

அவள் தப்பிப் போவதையும் ஒரு முடிவாகவே படமாக்கினார்கள் என்று ட்ரேயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதை வெளியே கசியாமல் இருப்பதற்காக எடுத்ததாம். ரகசியம் காக்க எடுத்த துண்டை எடிட்டிங் மேசையில் அவளுடைய கடைசி ஆசையாக மாற்றியிருக்கிறார்கள். என் தொழிலில் இதைவிட இரக்கமற்ற, இதைவிட அழகான வெட்டை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்டஃபர் டோனியிடம் போய் ஏட்ரியானாவைப் பற்றி அழுதுகொண்டே சொல்லும் காட்சியையும் இந்த எபிசோடுக்காகவே எடுத்திருந்தார்கள். எடுத்துவிட்டு நீக்கிவிட்டார்கள். 2006இல், ஆறாவது சீசனில்தான் அதை நினைவாகக் காட்டினார்கள். அது இங்கேயே இருந்திருந்தால் போன் வந்தபோதே நமக்கு விஷயம் தெரிந்திருக்கும். சில்வியோவின் காரில் ஏட்ரியானாவோடு நாமும் ஏறியிருக்க மாட்டோம்.

அந்திச்சாரல் எழுதியது:

போன வாரம்தான் முதல் முறை பார்த்தேன். இன்னும் மீளவில்லை. மேலே எழுதியதைப் படித்ததும் மறுபடி கண் கலங்கிவிட்டது. அவள் கிறிஸ்டஃபரிடம் உண்மையைச் சொல்லும் காட்சியைப் பற்றி யாராவது பேசுங்களேன். எனக்குக் காட்டைவிட அந்த அறைதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் தளம் எழுதியது:

அந்திச்சாரல், நீங்கள் சொன்னது சரி. கொலை அந்த அறையிலேயே பாதி நடந்துவிடுகிறது. அவள் சொன்னதும் முகத்தில் குத்துகிறான். பிறகு கழுத்தைப் பிடிக்கிறான். பிடி இறுகிக்கொண்டே போகிறது, கேமரா விலகவில்லை. எப்படியோ விட்டுவிடுகிறான். அதற்குப் பின் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவள் அப்போதே அவனைத் தேற்றத் தொடங்கிவிடுகிறாள். எங்காவது போய்விடலாம், நீ எழுதலாம் என்கிறாள். கழுத்தில் அவன் விரல் பதிந்திருக்கும்போதே அவனுடைய எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். அவளை நான் நேசித்ததும் அவள் மேல் கோபப்பட்டதும் ஒரே நேரத்தில் அங்கேதான்.

ஆனால் முடிவு எடுக்கப்படுவது பெட்ரோல் பங்க்கில். சிகரெட் வாங்கப் போகிறேன் என்று வெளியே வருகிறான். அங்கே ஒரு குடும்பம். பழைய கார், பின்னால் நீளமாக முடி வளர்த்த ஒரு சாதாரண மனிதன், மனைவி, குழந்தைகள். யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை. சராசரியான ஒரு வாழ்க்கை, அவ்வளவுதான். கிறிஸ்டஃபர் அதைப் பார்க்கிறான். வசனம் இல்லை.

ஒரு மனிதன் ஒரு பெண்ணை எதற்காகக் கொல்லக் கொடுப்பான்? பயத்தில், கோபத்தில், குழுவின் மேல் உள்ள விசுவாசத்தில் என்று ஆயிரம் காரணம் யோசிக்கலாம். இவன் அவளைக் கொடுத்தது பழைய கார் ஓட்ட மனமில்லாமல். பெயர் மாற்றி எங்கோ ஓர் ஊரில் சின்ன வேலை பார்த்துக்கொண்டு அவளோடு வாழ்ந்திருக்கலாம். அந்த வாழ்க்கை அவனுக்குச் சாவைவிடக் கேவலமாகப் பட்டது. இந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு மிகவும் வன்முறையான இடம் எது என்று கேட்டால், அந்த பங்க்கில் அவன் பார்க்கும் பார்வையைத்தான் சொல்வேன்.

கட்சிக்காரர் எழுதியது:

எல்லோரும் கிறிஸ்டஃபரையும் சில்வியோவையும் பேசுகிறீர்கள். எஃப்பிஐயை ஏன் விட்டுவிட்டீர்கள்? சட்டம் படித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் உறுத்துகிறது.

ஏட்ரியானா அவர்களிடம் மாட்டுவது நான்காவது சீசனின் தொடக்கத்தில். தோழியாகப் பழகியவள் எஃப்பிஐ ஆள் என்று தெரிந்ததும் அவர்கள் எதிரிலேயே வாந்தி எடுக்கிறாள், நினைவிருக்கிறதா? அதற்குப் பின் ஏறக்குறைய இரண்டு சீசன் அவளைச் சக்கையாகப் பிழிகிறார்கள். ஆனால் அவளிடம் பெரிதாக எதுவும் இல்லை. கிளப்பில் காதில் விழுந்தது, சமையலறையில் பேசியது, இவ்வளவுதான். ஒரு நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம் அவள் கையில் இருந்ததே இல்லை. அவர்களுக்கு வேண்டியது கிறிஸ்டஃபர்.

கடைசியில் அவளுடைய கிளப்பில் ஒரு கொலை நடக்கிறது. ரத்தக்கறை பட்டதைக் குப்பைப் பையில் போட்டு அவள் எடுத்துப் போவது கேமராவில் பதிவாகிவிடுகிறது. அதை வைத்து மிரட்டுகிறார்கள். கிறிஸ்டஃபரிடம் நானே பேசுகிறேன், அவனையும் கூட்டி வருகிறேன் என்று அவள் கெஞ்சுகிறாள். ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு மாஃபியாக்காரனிடம் போய் ‘நான் உங்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்’ என்று சொல்வதற்கு ஒரு பெண்ணைத் தனியாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பணயம் அவள் உயிர், லாபம் அவர்களுக்கு.

இதில் ஒரு சட்ட விவரம். அமெரிக்காவில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 1970ஆம் ஆண்டின் திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வந்தது. மாஃபியாக் குடும்பங்களை மொத்தமாக வளைக்கப் பயன்படும் ரிக்கோவும் அதே சட்டத்தின் ஒரு பகுதிதான். புதுப் பெயரும் புது ஊரும் கொடுத்துப் பாதுகாப்பது எஃப்பிஐ அல்ல, மார்ஷல்ஸ் சர்வீஸ் என்ற தனி அமைப்பு. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். தகவல் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவர் வெளியேதான் நிற்க வேண்டும். ஏட்ரியானா கடைசி வரை அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள்.

அவள் முட்டாள் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நான்காவது சீசனில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, கணவனுக்கு எதிராக மனைவியைச் சாட்சி சொல்ல வைக்க முடியாது என்று அவள் காதில் விழுகிறது. உடனே கல்யாணத்தை விரைவுபடுத்தப் பார்க்கிறாள். ஒரு வக்கீலிடம் விசாரிக்கும்போது அது அவ்வளவு எளிதில்லை என்று தெரியவருகிறது. தன்னந்தனியாக, யாரிடமும் சொல்ல முடியாமல், டிவியில் கேட்ட ஒரு வரியை வைத்துத் தப்பிக்க வழி தேடியவள் அவள். அறிவில்லாதவள் செய்யும் வேலையா இது? அவளுக்கென்று ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வானம்பாடி எழுதியது:

நான் ஒரு மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டும். யாரையும் புண்படுத்த அல்ல. மனதில் நெடுநாளாக இருப்பது.

இந்தத் தொடரை நான் மூன்றாவது சீசனில் நிறுத்தியவள். 2001இல் ஒளிபரப்பான ஆறாவது எபிசோடு. டிரேசி என்ற பெண். வயது இருபது. பாடா பிங் என்ற கிளப்பில் ஆடுகிறவள். அவள் குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது டோனி ஏதோ நல்லது சொல்லியிருக்கிறான். அதற்கு நன்றியாக வீட்டில் தன் கையால் ரொட்டி செய்து எடுத்து வருகிறாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. இதெல்லாம் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான். அந்த எபிசோடின் முடிவில் ரால்ஃப் அவளை கிளப்பின் பின்புறம் அடித்தே கொல்கிறான். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். அத்தனையையும் காட்டுகிறார்கள். ஒவ்வோர் அடியையும் காட்டுகிறார்கள். டிவியை அணைத்துவிட்டேன். பல வருடம் கழித்து, எல்லோரும் சொல்கிறார்களே என்று மீதியையும் பார்த்தேன்.

இப்போது இந்த இழையைப் படிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. ஏட்ரியானா திரைக்கு வெளியே தவழ்ந்து போனாள், கேமரா திரும்பிக்கொண்டது, அதுதான் கண்ணியம் என்று மனம் உருகுகிறோம். டிரேசிக்கு அந்தக் கண்ணியம் ஏன் கிடைக்கவில்லை? ஐந்து சீசனாகப் பழகிய பெண் சாவதைப் பார்க்க நமக்கு மனம் வராது. ஒரு மணி நேரம் மட்டுமே தெரிந்தவள் என்றால் முழுதாகப் பார்க்கலாமா? யார் முகம் நமக்குப் பழக்கமோ அவர்களுக்குத்தான் கேமரா திரும்பிக்கொள்ளும் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் ஒன்று. டிரேசி வேலைக்கு வராமல் ரால்ஃப் வீட்டில் இருக்கிறாள் என்று தேடிப் போவது யார் தெரியுமா? சில்வியோ. அவளுடைய பல்லுக்குக் கம்பி போட அவன்தான் பணம் கொடுத்திருக்கிறான், அந்தக் கடன் பாக்கி. வீட்டிலிருந்து இழுத்து வந்து, தன் காரோடு சேர்த்து வைத்து அறைகிறான். மேலே ஜன்னலில் நின்று ரால்ஃப் சிரிக்கிறான். அது 2001. மூன்று வருடம் கழித்து அதே சில்வியோ, மறுபடி ஒரு கார், மறுபடி ஒரு பெண்ணைப் பிடித்து இழுக்கிறான். பழைய டிவிடி சார், அவன் இரங்கியிருப்பான் என்று நம்பினேன் என்கிறீர்கள். டிரேசியை அடித்தது உங்களுக்கு மறந்துபோயிருந்தது. தவறாக நினைக்காதீர்கள், எல்லோருக்கும்தான் மறந்துபோயிருந்தது.

பழைய டிவிடி எழுதியது:

தவறாக நினைக்க என்ன இருக்கிறது, சகோதரி. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. அந்தக் காட்சி எனக்கு ரால்ஃபின் காட்சியாகவே பதிந்திருந்தது. சில்வியோவின் கை நினைவிலேயே இல்லை. மூன்று வருடம் அவன் உதட்டைப் பிதுக்கி ஏதாவது சொல்லும்போதெல்லாம் நான் ரசித்திருக்கிறேன்.

வெட்டும் ஒட்டும் எழுதியது:

வானம்பாடி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியில் மாறுபடுகிறேன்.

டிரேசியின் சாவை மறைத்திருந்தால் நாம் அன்றைக்கே தப்பித்திருப்போம். அது வரை அந்த கிளப்பில் பின்னணியில் ஆடும் பெண்களை நாம் மேசை நாற்காலி போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டரை சீசன். டோனி பேசும்போது அவன் தோளுக்குப் பின்னால் மங்கலாக யாரோ ஆடுவார்கள். அந்த மங்கலான உருவங்களில் ஒருத்தியை முன்னால் கொண்டுவந்து, பெயர் கொடுத்து, பல்லில் கம்பி கொடுத்து, கையில் ரொட்டியைக் கொடுத்து, அப்புறம் இப்படி முடித்தார்கள். பார்க்க முடியாதபடி எடுத்ததே, இது வரை பார்க்காமல் இருந்தாயே என்று நம்மைக் கேட்பதற்காகத்தான். திரும்பிக்கொள்வது சில இடங்களில் மரியாதை. அங்கே திரும்பிக்கொண்டிருந்தால் அது வசதி.

அவள் செத்த பிறகு டோனி, மனைவி கார்மெலாவும் கூட இருக்க, அவனுடைய மனநல மருத்துவர் டாக்டர் மெல்ஃபியின் அறையில் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். தன்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் இறந்துவிட்டான் என்கிறான். குப்பை அள்ளும் கம்பெனியில், வேலையில் நேர்ந்த சாவு என்கிறான். பெண் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாமல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறான். அவன் மறைத்ததை நாம் முழுதாகப் பார்த்திருக்கிறோம். பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய் நமக்கு வலித்திருக்காது.

வானம்பாடி எழுதியது:

நீங்கள் சொல்வது புரிகிறது. எடுத்தவர்களின் நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் பார்த்தவர்களிடம் அது அப்படிப் போய்ச் சேர்ந்ததா?

முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில், 1999இல், மகளைக் கல்லூரி பார்க்கக் கூட்டிப்போன இடத்தில் டோனி ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாயகனே கையால் கொலை செய்தால் பார்வையாளர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று தொடரை ஒளிபரப்பிய ஹெச்பிஓ தரப்பில் பயந்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. நாம் வெறுத்தோமா? இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தோம். நியூஜெர்சியில் உண்மையிலேயே அந்தத் தொழிலில் இருந்தவர்கள்கூட, இது நம்மைப் பற்றியதுதானோ என்று பேசிக்கொண்டது எஃப்பிஐயின் ஒட்டுக்கேட்புப் பதிவில் இருக்கிறது. அவர்களுக்கே பிடித்திருந்தது.

நான்காவது சீசனில் ரால்ஃபை டோனி கொல்வது எதற்காக? குதிரைக்காக. லாயத்தில் தீப்பிடித்துச் செத்த குதிரையின் சாவுக்கு ரால்ஃபே காரணம் என்று நம்பி, அழகான, ஒரு பாவமும் அறியாத ஜீவன், உன்னை அது என்ன செய்தது என்று கத்திக்கொண்டே ரால்ஃபை அடிக்கிறான். அந்த வார்த்தைகளை டிரேசிக்குச் சொல்லிப் பாருங்கள். அச்சாகப் பொருந்தும். அவளுக்கு அவன் சொல்லவில்லை. அவளுக்காக ரால்ஃபை இரண்டு அடி அடித்தான், அதுவும் சத்தியம் செய்து குழுவில் சேர்ந்த உறுப்பினர் மேல் கை வைத்துவிட்டான் என்று பஞ்சாயத்தாகிப் போனது. பார்வையாளர்களும் குதிரைக்குத்தான் அழுதார்கள். நான் இருந்த எல்லா உரையாடல்களிலும் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் தளம் எழுதியது:

அந்த ஆவேசத்துக்குள் டிரேசியும் இருந்தாள் என்றே நான் எப்போதும் எடுத்துக்கொண்டேன். டோனியால் ஒரு பெண்ணுக்காக அழ முடியாது, குதிரைக்காக முடியும். அதனால் எல்லாம் சேர்ந்து குதிரை வழியாக வெளியே வந்தது. ஆனால் வானம்பாடி, உங்கள் கேள்விக்கு அது பதிலாகாது. ஒத்துக்கொள்கிறேன்.

அந்திச்சாரல் எழுதியது:

ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பல வருடங்களுக்கு முன்னால் எனக்கு நெருங்கிய ஒருத்தி, அடிக்கிறவனோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். வெளியே வந்துவிடு என்று நாங்கள் எத்தனையோ முறை சொன்னோம். பெட்டி கட்டியே வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவனையும் மாற்றிக் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் தனியாகத்தான் வந்தாள், உயிரோடு வந்தாள், இன்று நன்றாக இருக்கிறாள்.

ஏட்ரியானாவின் பக்கத்து இருக்கையில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிதான் ஞாபகம் வந்தது. அவளை ஏன் இவனிடம் போய்ச் சொன்னாய் என்று யாரும் திட்டாதீர்கள். அவனை விட்டுவிட்டு வர மனமில்லாததைத் தவிர அவள் வேறு தப்பு எதுவும் செய்யவில்லை.

கட்சிக்காரர் எழுதியது:

உங்கள் தோழி வெளியே வந்தது நிம்மதி, அந்திச்சாரல். இதை எழுதியதற்கு நன்றி.

பின்னிரவு எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை.

வானம்பாடி எழுதியதை அக்காவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அந்த ரொட்டிப் பெண்ணா?” என்று கேட்டாள். பெயர் ஞாபகம் இல்லை, ரொட்டி ஞாபகம் இருந்தது. “அதை மறுபடி போடு” என்றாள். மூன்றாவது சீசனுக்குத் திரும்பிப் போய் அந்த எபிசோடை இரண்டு பேரும் பார்த்தோம்.

முதல் முறை பார்த்தபோது அக்கா அந்தக் காட்சியில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாளாம், எனக்கு இதுவரை தெரியாது. இந்த முறை திரும்பவில்லை. நானும்தான். சில்வியோ அவளைக் காரோடு சேர்த்து வைத்து அறையும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவன் இப்படித்தான் என்று அப்பவே காட்டியிருக்கிறார்கள். நாமதான் பார்க்கலை” என்றாள். ஏட்ரியானா அவன் காரில் ஏறியபோது அவள் ஏன் நம்பினாள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். நாமும் அப்படித்தான் அவனை நம்பி உட்கார்ந்திருந்தோம். அவளாவது அவனை வருடக்கணக்கில் வீட்டு ஆளாகத் தெரிந்தவள்.

வானம்பாடி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். டிரேசியை முழுதாகக் காட்டியும் நாங்கள் பார்க்கவில்லை. ஏட்ரியானாவை மறைத்தபோது முழுதாகப் பார்த்துவிட்டோம். இதில் கேமராவின் தவறு எவ்வளவு, எங்கள் தவறு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. எங்கள் பங்கு நிச்சயம் பெரிது.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டாவது எபிசோடு ஏட்ரியானாவோடு முடிவதில்லை. அவள் காரை கிறிஸ்டஃபர் கொண்டுபோய் விமான நிலையத்தின் நீண்ட நாள் பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போகிறான். கடைசிக் காட்சி மறுபடியும் மரங்கள். ஒரு நொடி அதே காடோ என்று திடுக்கிடும். டோனியும் கார்மெலாவும் நிற்கிறார்கள். அவர்கள் மறுபடி சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டதில் ஒரு பகுதி அந்த நிலம். கார்மெலா அங்கே வீடு கட்டி விற்கப் போகிறாள். எங்கே எது வர வேண்டும் என்று கண்ணால் அளந்துகொண்டிருக்கிறாள். டோனி உட்கார்ந்திருக்கிறான், ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது சீசனில் ஏட்ரியானா எங்கே போனாள் என்று கார்மெலாவுக்குச் சந்தேகம் வரும். ஆள் வைத்துத் தேடலாமா என்றுகூட யோசிப்பாள். அப்போது டோனி ஓர் அதிகாரியைச் சரிக்கட்டி, நின்றுபோயிருந்த அவளுடைய வீட்டு வேலையை மறுபடி ஓடவைப்பான். அவளும் வேலையில் மூழ்கிவிடுவாள். தேடல் அத்தோடு நின்றுபோகும். முதல் முறை பார்த்தபோது இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அக்கா நேற்று இரவு ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடைப் போடச் சொன்னாள். பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் சில்வியோ வந்தான். அக்கா சிரிக்கவில்லை.